பாலாற்றங்கரையில் ஒரு பழைய தலைநகர்

பெருங்களத்தூரில் மதரஸா மாணவர்களுக்கு ஒருநாள் பாடம் முடிந்தபின், "ஆற்காடு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது?" என்று கேட்டேன். "கோடம்பாக்கத்திலிருந்து போரூர் போகும் ஆற்காடு சாலை" என்றான் ஒருவன். "மக்கன் பேடா" என்றான் மற்றொருவன், வகுப்பே சிரித்தது. ஒரு காலத்தில் கர்நாடகப் பகுதி முழுவதற்கும் தலைநகராய் விளங்கிய ஊர் அது என்று எவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? சொல்லிக் கொடுக்க வேண்டியவர்கள் நாம்தாமே!

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேன் அமர்த்திக்கொண்டு, ஒரகடம், திருப்பெரும்புதூர் வழியாக ஆற்காட்டிற்குப் புறப்பட்டோம்.

இராணிப்பேட்டையை நெருங்கும்போதே தோல் பதனிடும் தொழிலின் வாடை நம்மை எதிர்கொள்கிறது. பாலாற்றின் வடகரையில் இராணிப்பேட்டை, தென்கரையில் ஆற்காடு. இடையே நீரின்றி விரிந்து கிடக்கும் மணற்பரப்பு. தொழிற்சாலைகளும் கடைவீதிகளும் பேருந்துகளின் இரைச்சலும் நிறைந்த இவ்விடத்திலா நவாபுகள் அரசாண்டார்கள் என்று மாணவர்கள் வியந்தனர்.

தலைநகரின் எழுச்சியும் வீழ்ச்சியும்

முகலாயப் பேரரசின் தென்கோடிப் பகுதியை ஆள ஔரங்கசீப் காலத்தில் நியமிக்கப்பட்டவர்களே கர்நாடக நவாபுகள். அவர்களுள் சஆதத்துல்லாஹ் கான் காலத்தில் ஆற்காடு சிறந்த தலைநகராயிற்று. 1732இல் அவர் மறைந்தார். அதன்பின் அமைதி நீடிக்கவில்லை. 1749இல் ஆம்பூர்ப் போரில் நவாப் அன்வருத்தீன் கொல்லப்பட்டார். அவருடைய மகன் முஹம்மது அலி திருச்சியில் தஞ்சம் புகுந்தார்; சந்தா சாஹிப் அவரை முற்றுகையிட்டார். ஒருவருக்கு ஆங்கிலேயரும் மற்றவருக்குப் பிரெஞ்சுக்காரரும் துணை நின்றனர்.

1751 ஆகஸ்டு மாத இறுதியில் இராபர்ட் கிளைவ் சுமார் 200 ஐரோப்பியரோடும் 300 சிப்பாய்களோடும் வந்து ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்தார். சந்தா சாஹிபின் மகன் ரஜா சாஹிப் 50 நாட்கள் முற்றுகையிட்டும் அதனை மீட்க இயலவில்லை. ஆங்கிலேயரின் ஆதிக்கம் இந்நாட்டில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று இது. உணவு குறைந்தபோது சோற்றை வெள்ளையருக்கு அளித்துவிட்டு, வடித்த கஞ்சியைக் குடித்துப் போரிட்டனர் சிப்பாய்கள் என்று ஆங்கிலேய ஆசிரியர்களே எழுதி வைத்துள்ளனர். கிளைவின் பெயர் பாடநூல்களில் நிலைத்தது. கஞ்சி குடித்தவர்களின் பெயர்களை யார் அறிவார்?

வெற்றி பெற்ற முஹம்மது அலி வாலாஜா, நாளடைவில் சென்னையைத் தம் இருப்பிடமாக்கிக்கொண்டார். 1768இல் சேப்பாக்கம் அரண்மனை எழுந்தது. ஆற்காடு மெல்லத் தன் பொலிவை இழந்தது. 1801 உடன்படிக்கையால் ஆட்சி முழுவதும் கம்பெனியின் கைக்குப் போயிற்று. 1856 ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டு, ஆற்காட்டிற்கு அருகிலுள்ள வாலாஜா ரோடு வரை ஓடிற்று. ஆற்காட்டின் பெயருக்கு அப்போதும் மதிப்பு இருந்தது. ஆனால் அரசு இல்லை.

எஞ்சியவை

கோட்டையின் நினைவாக ஆற்றங்கரையில் எஞ்சி நிற்பது தில்லி வாசல். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுப்பிய வளைவு. அதன்மேல் ஒரு சிற்றறை. நவாபுகளின் தலைநகரில் மிஞ்சிய இந்த அறைக்கும் ஊரார் வழங்கும் பெயர் "கிளைவின் அறை" என்பதுதான்!

அங்கிருந்து திப்பு மஸ்தான் அவுலியா (ரஹ்) அவர்களின் தர்காவிற்குச் சென்றோம். இந்த அடக்கத்தலத்தை 1729இல் எழுப்பியவர் சஆதத்துல்லாஹ் கான். இந்த இறைநேசரின் பெயரே மைசூர்ப் புலி திப்பு சுல்தானுக்குச் சூட்டப்பட்டது என்பது வரலாறு. அரண்மனை அழிந்தது; கோட்டை மதில்கள் மண்ணாயின. ஆனால் மக்கள் நாள்தோறும் வந்துபோகும் தர்காவும், ஐவேளை பாங்கு ஒலிக்கும் பள்ளிவாசலும் நிலைத்திருக்கின்றன. புழங்கும் கட்டடம் வாழ்கிறது. பூட்டிய கட்டடம் சாகிறது.

அங்கே பாரசீகக் கல்வெட்டைக் கண்டதும் ஒரு மாணவன், "உஸ்தாத், இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டான். எழுத்துகளைக் கூட்டி வாசித்தேன். ஹிஜ்ரி 1142 என்ற ஆண்டைச் சொன்னேன். பாரசீகம் அறியாத எனக்கு முழுப்பொருள் விளங்கவில்லை. இருபது ஆண்டுகள் ஓதிக் கொடுத்தவன் அன்று தலைகுனிந்தேன். நம் முன்னோர் கல்லில் எழுதி வைத்ததை நம் பிள்ளைகளுக்குப் படித்துச் சொல்ல நம்மால் இயலவில்லை என்றால், அந்தக் கல் இருந்தும் இல்லாததுபோல் தானே?

நாம் செய்ய வேண்டியது

பழங்கட்டடங்களுக்கு மழையும் வெயிலும் மட்டுமே பகையல்ல. நம் அறியாத அன்பும் பகையே. கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த சுண்ணாம்புக் காரை, ஈரத்தை உள்வாங்கி வெளியே விடும் தன்மையுடையது. அதன்மீது சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும்; சில ஆண்டுகளில் செங்கல் பொடிந்து காரை பெயர்ந்து விழும். "பள்ளிவாசலைப் புதுப்பிக்கிறோம்" என்று நல்லெண்ணத்தோடு பெயிண்ட் அடித்துக் கல்வெட்டை மறைத்துவிடுவோரும், சுவரில் டைல்ஸ் பதிப்போரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

முறையாக முயன்றால் மீட்க முடியும் என்பதற்குச் சேப்பாக்கமே சான்று. 2012இல் தீக்கிரையான கலஸ் மஹால், பின்னர் பழைய தோற்றத்திலேயே புதுப்பிக்கப்பட்டது.

தோல் தொழிலால் வளம் பெற்ற ஊர்கள் பாலாற்றங்கரை நெடுகிலும் உள்ளன. அவ்வளத்தால் கல்விக்கூடங்களும் பள்ளிவாசல்களும் எழுந்தன. அதே தொழிலின் கழிவால் ஆறும் நிலத்தடி நீரும் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று இத்தோல் பதனிடும் ஆலைகள் குறித்துத் தீர்ப்பளித்தது. நீரும் நினைவும் இரண்டுமே அமானிதம். இரண்டையும் காக்கும் கடமை அங்கு பொருளீட்டியோருக்கு முதலில் உண்டு.

ஒவ்வொரு ஜமாஅத்தும் தன் பள்ளிவாசலின் கல்வெட்டுகளைப் படமெடுத்து, பாரசீகம் அறிந்தோரைக் கொண்டு படித்து, தமிழில் எழுதி வைக்கலாம். இதற்குப் பெருஞ்செலவு ஆகாது, மனம்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் மக்கன் பேடா வாங்கிக் கொடுத்தேன். அதைச் சுவைத்தபடியே அம்மாணவன், "அடுத்த முறை வரும்போது அந்தக் கல்லைப் படித்துவிடுவோமா, உஸ்தாத்?" என்றான். ஊர் வந்ததும், பாரசீகம் கற்றுத்தருவோர் யார் என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், படிப்போம்.