கோரைக்கிழங்கும் குரோமும்: திரும்பத் திரும்ப வந்த ஒரு தேடல் பக்கம்

பாகூர்ல எங்க சித்தப்பா வீட்டு ஹாலில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கு. விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம், மேல பூப்போட்ட துணி. ஆன் பண்ணிட்டு ஒரு டீ குடிச்சுட்டு வந்தா சரியா இருக்கும். ஆனா அந்த வீட்டுல கரண்ட் பில், பட்டா, ஸ்காலர்ஷிப் ஃபார்ம்னு எல்லாமே அதுலதான்.

போன வருஷம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், சித்தப்பா பொண்ணு எனக்கு போன் பண்ணா.

"அண்ணா, சென்டாக் அப்ளிகேஷன் போட உட்கார்ந்தேன். பேரு, மார்க், போன் நம்பர் எல்லாம் கேட்டுச்சு, குடுத்துட்டேன். இப்போ ரிஜிஸ்ட்ரேஷனுக்கு ரெண்டாயிரம் கட்டச் சொல்லுது. அப்பா கார்டை எடுத்துட்டு வந்துட்டாரு. கட்டட்டுமா?"

"கட்டாத. ஸ்க்ரீனை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பு"ன்னேன்.

போட்டோவைப் பார்த்ததும் புரிஞ்சுது. அது சென்டாக் பக்கமே இல்ல, ஏதோ ஒரு அட்மிஷன் ஏஜென்சி. அவ தேடினதும் கூகுள்ல இல்ல. பூதக்கண்ணாடி படம் போட்ட, பேர் தெரியாத ஒரு தேடல் பக்கம். அதுல முதல் நாலு ரிசல்ட்டும் விளம்பரம். சென்டாக்கோட உண்மையான பக்கம் அதுக்கும் கீழ கிடந்தது. அவ முதல்ல இருந்ததை கிளிக் பண்ணியிருக்கா. நாமளும் அதைத்தானே பண்ணுவோம்?

இதுக்குப் பேர் பிரவுசர் ஹைஜாக்கர். இதை எப்படி விரட்டுறது, ஏன் ஒரே தடவையில போகாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

இது வைரஸா?

பழைய அர்த்தத்துல வைரஸ் இல்ல. ஃபைலை அழிக்காது, கம்ப்யூட்டரைப் பூட்டி பணம் கேட்காது. பிரவுசரோட முகப்புப் பக்கம், தேடல் இன்ஜின், புது டேப் இந்த மூணையும் தன் பக்கம் திருப்பி வச்சுக்கும். நீங்க எதைத் தேடினாலும் அந்தத் தேடல் முதல்ல அவங்க முகவரிக்குப் போய், அங்கிருந்து விளம்பரம் நிறைஞ்ச ஒரு பக்கத்துக்குப் போகும். நீங்க விளம்பரத்தைத் தொட்டா அவங்களுக்குச் சில்லறை. ஒரு ஆள்கிட்ட சில்லறை, கோடி பேர்கிட்ட பெரிய வியாபாரம்.

கோடின்னு சும்மா சொல்லல. 2017 ஜூன்ல செக் பாயின்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் 'ஃபயர்பால்' பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. பெய்ஜிங்ல இருந்த ராஃபோடெக் என்ற மார்க்கெட்டிங் கம்பெனி, இலவச சாஃப்ட்வேர்களோட சேர்த்து இதைப் பரப்பினதா அதுல சொன்னாங்க. உலகம் முழுக்க 25 கோடி கம்ப்யூட்டர், அதுல இந்தியாவுல மட்டும் 2.53 கோடி என்பது அவங்க கணக்கு. எல்லா நாட்டையும் விட நம்ம நாட்டுலதான் அதிகம். இந்த எண்ணிக்கை மிகைன்னு மைக்ரோசாஃப்ட் மறுத்தது. எண்ணிக்கையில சண்டை இருந்தாலும் விஷயம் உண்மை. தேடல் பக்கத்தை மாத்துறதோட, வேற எந்த புரோகிராமையும் இறக்கி ஓட்டுற வசதி ஃபயர்பால்ல இருந்தது. கதவைத் திறந்து வச்சவன் இன்னைக்கு விளம்பரம் ஒட்டுவான், நாளைக்கு என்ன பண்ணுவான்னு யாருக்குத் தெரியும்?

சித்தப்பா வீட்டுக்கு எப்படி வந்தது? பிடிஎஃப் மாத்துற இலவச சாஃப்ட்வேர் ஒண்ணு தேவைப்பட்டிருக்கு. டவுன்லோட் பக்கத்துல நாலஞ்சு பச்சை பட்டன். பெருசா இருந்ததை அமுக்கி, நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ். நடுவுல ஒரு ஸ்க்ரீன்ல ரெண்டு கட்டத்துல ஏற்கெனவே டிக் போட்டு வச்சிருப்பாங்க. அந்த டிக்தான் நம்ம 'சம்மதம்'.

நான் தோத்த கதை

ஞாயித்துக்கிழமை வில்லியனூர்ல இருந்து வண்டி எடுத்துட்டு பாகூர் போனேன். ஃபைனல் இயர் இன்ஜினியரிங் பையன், பத்து நிமிஷ வேலைன்னு நினைப்பு. குரோம் திறந்து, தெரியாத ஒரு எக்ஸ்டென்ஷனை ரிமூவ் பண்ணி, தேடல் இன்ஜினை கூகுளுக்கு மாத்தினேன். சித்தி மீன் குழம்பு போட்டாங்க. சாப்பிட்டுக் கிளம்பிட்டேன்.

மறுநாள் காலையில சித்தப்பா போன். "தம்பி, அந்த பூதக்கண்ணாடி மறுபடியும் வந்துடுச்சுப்பா."

அடுத்த வாரம் மறுபடி போனப்போ விளக்கிச் சொன்னேன், கம்ப்யூட்டருக்குள்ள வேற எங்கயோ இருந்து யாரோ இதைத் திரும்ப வைக்கிறாங்கன்னு. அவர் சிரிச்சார். "கோரை மாதிரி சொல்லு. மேல புல்லைப் புடுங்கிட்டு வந்துட்டே, கிழங்கு அடியில இருக்கே."

எங்க புரொஃபசர் யாரும் இதைவிட நல்லா சொல்லியிருக்க மாட்டாங்க. பிரவுசர்ல தெரியறது புல். கிழங்கு விண்டோஸுக்குள்ள இருக்கு. அதனால அடியில இருந்து மேல வரணும். வரிசை மாறினா வேலை வீண்.

தொடங்கறதுக்கு முன்னாடி

அந்தக் கம்ப்யூட்டர்ல பேங்க் வேலை, பாஸ்வேர்டு டைப் பண்றது ரெண்டையும் நிறுத்துங்க. முக்கியமான போட்டோ, ஃபைல்களை பென் டிரைவ்ல எடுத்து வைங்க. அப்புறம், கிளீனர் சாஃப்ட்வேரை அதே பிரவுசர்ல தேடாதீங்க. அங்க வர்ற ரிசல்ட்டே அவங்க குடுக்கறதுதானே! வேற லேப்டாப்லயோ போன்லயோ இறக்கி, பென் டிரைவ் வழியா கொண்டு வாங்க.

இன்னொரு சோதனை: அதே வைஃபையில உங்க போன்லயும் தேடல் தப்பான இடத்துக்குப் போகுதா? போனா பிரச்சினை ரவுட்டர்ல இருக்கலாம். போகலைன்னா கம்ப்யூட்டர்லதான்.

முதல்ல, கிழங்கு

கன்ட்ரோல் பேனல்ல புரோகிராம்ஸ் அண்டு ஃபீச்சர்ஸ் திறங்க. இன்ஸ்டால் ஆன தேதி வரிசையில அடுக்குங்க. இது ரொம்ப உதவும். சித்தப்பா வீட்டுல அந்த பிடிஎஃப் சாஃப்ட்வேர் வந்த அதே தேதியில இன்னும் மூணு பேர் உள்ள வந்திருந்தாங்க. நாலையும் நீக்கினேன். நீக்கும்போது வர்ற கேள்வியை நிதானமா படிங்க. 'வேண்டாம், வச்சுக்கோ' என்ற பட்டனைப் பெருசா வச்சு ஏமாத்துவாங்க.

அடுத்து டாஸ்க் ஷெட்யூலர். ஸ்டார்ட் மெனுவுல அந்தப் பேரை அடிச்சா வரும். குறிப்பிட்ட நேரத்துல ஒரு புரோகிராமைத் தானா ஓட்டறதுக்கு விண்டோஸ் வச்சிருக்கற இடம் இது. என்னைத் தோக்கடிச்சது இங்கதான் இருந்தது. 'அப்டேட்'னு நல்ல பிள்ளை மாதிரி பேர், ஒவ்வொரு தடவை லாகின் ஆகும்போதும் ஆப்டேட்டா ஃபோல்டர்ல இருந்த ஒரு சின்ன ஃபைலை ஓட்டிக்கிட்டு இருந்தது. ஒவ்வொரு டாஸ்க்குலயும் 'ஆக்‌ஷன்ஸ்' பகுதியைப் பாருங்க. தெரியாத ஃபோல்டரையோ, ஏதாவது இணைய முகவரியையோ திறந்தா சந்தேகப்படுங்க. உடனே அழிக்காதீங்க. முதல்ல டிசேபிள் பண்ணுங்க, ரெண்டு நாள் கழிச்சு அழிக்கலாம்.

ஸ்டார்ட்டப் பட்டியலும் பாருங்க. விண்டோஸ் 7ல எம்எஸ்கான்ஃபிக், விண்டோஸ் 10ல டாஸ்க் மேனேஜர்.

அப்புறம் ஒரு ஸ்கேன். ஆட்வ்கிளீனர் இதுக்காகவே எழுதின சின்ன இலவச டூல். 2016ல மால்வேர்பைட்ஸ் அதை வாங்கிட்டாங்க, அதனால அவங்க தளத்துல இருந்து மட்டும் எடுங்க. நம்ம அரசாங்கத்துக்கும் 2017 பிப்ரவரியில தொடங்கின சைபர் ஸ்வச்தா கேந்திரா இருக்கு. சென்னை கம்பெனியான கே7 உட்பட இந்திய நிறுவனங்களோட இலவச டூல்களுக்கு அங்க வழி இருக்கு.

பழைய யூடியூப் வீடியோக்கள்ல 'குரோம் செட்டிங்ஸ்ல கிளீன் அப் கம்ப்யூட்டர் அமுக்குங்க'ன்னு சொல்லுவாங்க. அதைத் தேடி நேரத்தை வீணாக்காதீங்க. 2023 மார்ச்ல கூகுள் அந்த வசதியையே எடுத்துட்டாங்க.

அப்புறம், புல்

குரோம் ஐகான்ல ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டிஸ், டார்கெட். அந்த வரி 'குரோம் டாட் இஎக்ஸ்இ'யோட, அதைச் சுத்தின மேற்கோள் குறியோட முடியணும். அதுக்குப் பின்னால ஒரு வெப்சைட் முகவரி ஒட்டிக்கிட்டு இருந்தா, அதை மட்டும் அழிங்க. டெஸ்க்டாப் ஐகான், டாஸ்க்பார் ஐகான் ரெண்டையும் பாருங்க. நிறைய பேர் இதை விட்டுடுவாங்க.

இப்போதான் பிரவுசருக்குள்ள போகணும். தெரியாத எக்ஸ்டென்ஷன்களை நீக்குங்க. தேடல் இன்ஜின், ஸ்டார்ட்டப் பக்கம் ரெண்டையும் சரி பண்ணுங்க. நோட்டிஃபிகேஷன் அனுமதிப் பட்டியலையும் திறங்க. 'உங்க கம்ப்யூட்டர்ல 5 வைரஸ்'னு வலது மூலையில குதிக்கறதெல்லாம் பெரும்பாலும் என்னைக்கோ 'அலோ' குடுத்த ஏதோ ஒரு சைட்டோட வேலைதான்.

எக்ஸ்டென்ஷனுக்கு ரிமூவ் பட்டனே இல்லையா? மெனுவோட அடியில 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது'ங்கற மாதிரி ஒரு வரி இருக்கான்னு பாருங்க. வீட்டு கம்ப்யூட்டருக்கு ஏது நிறுவனம்? ஆபீஸ்களுக்காக விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில இருக்கற 'பாலிசி' வசதியை ஹைஜாக்கர் தனக்காகப் பயன்படுத்தியிருக்கலாம். சில ஆன்டிவைரஸும் இதை வைக்கும், அதனால பதறாதீங்க. ரெஜிஸ்ட்ரியை பேக்கப் எடுத்துட்டுத்தான் கை வைக்கணும். பழக்கம் இல்லைன்னா தெரிஞ்ச ஒரு சீனியரைப் பக்கத்துல உட்கார வைங்க.

கடைசியா சிங்க். கூகுள் அக்கவுன்ட்ல சிங்க் ஆன் பண்ணியிருந்தா, இங்க நீக்கின எக்ஸ்டென்ஷன் அந்த அக்கவுன்ட் இருக்கற இன்னொரு கம்ப்யூட்டர்ல இருந்து திரும்பி வரலாம். அங்கயும் நீக்குங்க.

இதெல்லாம் முடிச்சதும் ஒண்ணுக்கு ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணி, ஒரு நாள் விட்டுப் பாருங்க. மறுநாளும் வரலைன்னாதான் ஜெயிச்சீங்க. அன்னைக்கு நான் சாப்பிட்ட உடனே கிளம்பாம ராத்திரி அங்கேயே தங்கினேன். காலையில கூகுள் வந்தது. அப்புறம் எல்லா பாஸ்வேர்டையும் போன்ல இருந்து மாத்தினோம்.

சுத்தம் பண்ணினா மட்டும் போதுமா?

போதாது. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2020 ஜனவரி 14ஓட முடிஞ்சுது. குரோமும் 109ஆவது வெர்ஷனோட அதுக்குப் புது வெர்ஷன் குடுக்கறதை நிறுத்திடுச்சு. அதாவது ஓட்டை தெரிஞ்சாலும் அடைக்க ஆள் இல்ல. அதனால அந்த மெஷின்ல லுபுன்டு போட்டுக் குடுத்தேன். பட்டா பார்க்க, ஃபார்ம் போட அது தாராளமா போதும். லினக்ஸ் பயமா இருந்தா, பக்கத்துல விழுப்புரத்துலயே குனு/லினக்ஸ் பயனர் குழு ஒண்ணு இருக்கு, சொல்லிக் குடுக்கறாங்க.

தங்கச்சி அன்னைக்கு பணம் கட்டல. ஆனா நம்பர் போயிடுச்சு. ரெண்டு மாசம் வரைக்கும் ஏஜென்ட்டுங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. கம்ப்யூட்டர்ல இருந்து விரட்டினதை அவ போன்ல இருந்து விரட்ட முடியல. ஒருவேளை உங்க வீட்டுல யாராவது பணமே கட்டிட்டா, யோசிக்காம உடனே 1930க்கு போன் பண்ணுங்க. சீக்கிரம் சொன்னாதான் பணத்தை வழியிலயே நிறுத்த வாய்ப்பு.

சித்தப்பா வீட்டு மானிட்டர் ஓரத்துல இப்போ ஒரு சீட்டு ஒட்டியிருக்கு. சென்டாக், மின்துறை, பேங்க் முகவரிகள் தங்கச்சி கையெழுத்துல. தேட வேண்டாம், நேரா டைப் பண்ணணும்னு அவளே போட்ட சட்டம். அதுக்குக் கீழ சித்தப்பா பேனாவுல ஒரு வரி சேர்த்திருக்கார்: 'பச்சை பட்டனைத் தொடாதே.'

இந்த லீவுக்கு ஊருக்குப் போறப்போ உங்க வீட்டு கம்ப்யூட்டரையும் ஒரு தடவை திறந்து பாருங்க. அவங்க உங்களைக் கேக்க மாட்டாங்க. "நெட்டு இப்படித்தான் இருக்கும்போல"ன்னு நினைச்சுக்கிட்டு இருப்பாங்க.