காயம்பட்டவருக்கு ஏன் போர்வை?

பெரியமடுவில் ஒருவர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, தொடையில் இரத்தம் பீறிடுகிறது. மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை கடற்பாலத்துக்கு அப்பால். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை உடனே அழையுங்கள்.

அது வரும்வரை? சுத்தமான சாரத்தை மடித்துக் காயத்தின்மேல் வைத்து, முழங்கை மடங்காமல் உடற்பாரத்தோடு அழுத்துங்கள். நனைந்தாலும் எடுக்க வேண்டாம். உறையத் தொடங்கிய இரத்தம் துணியோடு பிய்ந்துவிடும். மேலே இன்னொரு துணி வையுங்கள்.

மன்னார் வெயிலிலும் அவரைப் போர்த்த வேண்டும். பெரியவர் உடலில் ஏறக்குறைய 5 லீற்றர் இரத்தம்தான். அது குறையக் குறைய உடற்சூடு தணியும். சூடு தணிந்தால் இரத்தத்தை உறையவைக்கும் நொதிகள் மந்தமாகும். இரத்தப்போக்கு இன்னும் கூடும். பதற்றத்தில் முகத்தில் தண்ணீர் அடிப்பதும், குடிக்கக் கொடுப்பதும் கெடுதல். தயவுசெய்து செய்யாதீர்கள்.