மலையாளியும் ஜில்லாவும்

சட்டத்தின் வாசகத்துக்கு அர்த்தம் கூறுவது நீதிபதிகளின் காரியம், அதில் நமக்கென்ன என்று எண்ணுவோர் பலர். சின்னசேலத்திலிருந்து வடக்கே நோக்கினால் தெரியும் கல்வராயன் மலைகளில் வாழும் ஜனங்கள் அவ்வாறு எண்ண இயலாது. அவர்கள் குழந்தைகளின் உபகாரச் சம்பளமும், வாலிபர்களின் உத்தியோகமும், உழுகிற வன நிலத்தின் பாத்தியதையும் இரண்டு சொற்களின் வியாக்கியானத்தைப் பற்றி நிற்கின்றன.

முதற்சொல் மலையாளி. பிற இடங்களில் இது கேரள தேசத்தாரைக் குறிக்கும். இங்கோ தமிழ் பேசும் மலைக்குடிகளின் பெயர். தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்து மலையேறினர் என்பது அவர்களிடையே வழங்கும் ஐதிகம். 1950-ம் வருஷத்திய ஜனாதிபதி உத்தரவு, 1976-ல் திருத்தப்பெற்றபடி, அவர்களைப் பழங்குடிகளின் ஜாபிதாவில் வைத்திருக்கிறது. ஆனால் தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய ஜில்லாக்களில் உள்ளவர்களை மட்டும் என்று எல்லை கட்டிவிட்டது.

இரண்டாவது சொல் ஜில்லா. பெயரில் சேலத்தைச் சுமந்தும் சின்னசேலம் அந்நாளில் தென் ஆற்காட்டையே சேர்ந்திருந்தது. 1993-ல் தென் ஆற்காடு இரண்டாயிற்று. 2019-ல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. தென் ஆற்காடு என்றொரு ஜில்லா இன்று படத்தில் இல்லை. அதனால் கல்வராயன் மலைவாசி தன் உரிமையை இழந்தானோ? இல்லை. ஜில்லா என்பது 1976 மே 1-ந் தேதியன்று அமைந்திருந்த ஜில்லாவையே குறிக்கும் என்று அவ்வுத்தரவிலேயே ஒரு வாசகம் இருக்கிறது. கலெக்டர் கச்சேரி எவ்வூருக்கு மாறினும் சட்டத்தின் கண்ணுக்குத் தென் ஆற்காடு இன்னும் இருந்துகொண்டுதான் இருக்கிறது.

கல்வராயன் மலையைக் காத்த இதே வாசகம் பர்கூர், கடம்பூர் மலைகளில் கதவை அடைக்கிறது. இப்போது ஈரோடு ஜில்லாவிலுள்ள அம்மலைகளிலும் மலையாளிகள் வாழ்கின்றனர். 1976-ல் அப்பிரதேசம் கோயமுத்தூர் ஜில்லா. கோயமுத்தூரோ ஜாபிதாவில் இல்லை. இதன் பலனை 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டத்திலே காணலாம். பழங்குடி என்று ஏற்கப்பட்டவன் 2005 டிசம்பர் 13-க்கு முன்பே நிலம் தன் அனுபவத்தில் இருந்ததைக் காட்டினால் போதும். ஏற்கப்படாதவன் அத்தேதிக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், தன் குடும்பம் வனத்தில் வாழ்ந்ததையும் ருசுப்படுத்த வேண்டும். பாட்டன் காலத்து ரசீதுக்கு மலைவாசி எங்கே போவான்?

நியாயஸ்தலம் இரங்கி ஒரு சொல்லைக் கூட்டிப் படித்தால் என்ன என்று கேட்பது இயல்பே. மகாராஷ்டிரத்து மிலிந்த் வழக்கில் 2000-ம் வருஷம் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் இதற்கு விடை கூறினர். ஜாபிதாவில் ஹல்பா என்றிருக்க, ஹல்பா-கோஷ்டியும் அதில் அடங்கும் என்று வாதிக்கப்பட்டது. ஜாபிதாவை உள்ளபடியே வாசிக்க வேண்டும், கூட்டவும் குறைக்கவும் அரசியல் சட்டத்தின் 342-வது ஷரத்துப்படி பார்லிமெண்டுக்கே அதிகாரம் என்று தீர்ப்பாயிற்று. வழக்காடிய மாணவர் அதற்குள் டாக்டராகிவிட்டபடியால் பட்டத்தை மட்டும் பறிக்காது விட்டனர்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. மைசூரில் போவி என்று ஜாபிதாவிலிருந்தும், பழைய மைசூரில் அப்பெயரால் முன்பு ஒரு ஜாதியும் வழங்கவில்லை. வொட்டர் என்ற பெயரையே 1946-ல் மைசூர் சர்க்கார் போவி என்று மாற்றியிருந்தனர். ஆகவே 1964-ல் பசவலிங்கப்பா வழக்கில் சாட்சியம் பார்த்து அர்த்தம் செய்ய சுப்ரீம் கோர்ட் இணங்கிற்று. பர்கூரிலோ சொல்லில் மயக்கமே இல்லை. கோயமுத்தூர் விடுபட்டிருப்பது வெட்டவெளிச்சம்.

இக்கண்டிப்பு சரியென்பதே நம் அபிப்பிராயம். ஒரு ஜில்லாவைக் கருணையால் சேர்க்கும் கோர்ட், மற்றொரு நாள் செல்வாக்குள்ளோர் வாதத்துக்கு இணங்கி யாரையும் உள்ளே விடலாம், நஷ்டம் மலைவாசிக்கே. ஆனால் கோர்ட் கைகட்டி நிற்க வேண்டுமென்றால் பார்லிமெண்டு தூங்கலாகாது. நரிக்குறவர்களைச் சேர்க்கும் மசோதாவை 2022 டிசம்பரில் நிறைவேற்றிய சபைகள் பர்கூர் மலையாளிகளை அப்போதும் சேர்க்கவில்லை.

சேர்க்கும்போது வாசகத்தில் ஜாக்கிரதை வேண்டும். கோயமுத்தூர் என்று மட்டும் எழுதிவிட்டால், கேரளத்திலிருந்து வந்து அந்நகரில் தொழில் புரிவோரும் மலையாளிகளே என்று வாதிக்க நம் வக்கீல் சகோதரர் எவரேனும் முன்வருவார். பர்கூர், கடம்பூர் மலைகளின் பெயரையே எழுதுவது உத்தமம். சம்பந்தப்பட்ட பார்லிமெண்டு அங்கத்தினர்கள் அடுத்த திருத்த மசோதாவிலேயே இதைக் கேட்டுப் பெற வேண்டும்.