பிடிப்பும் நிலையும்: பேடல் ஆட்டத்துக்கு ஏற்ற பாதரட்சை

1969-ஆம் ஆண்டில் மெக்ஸிகோ தேசத்து அக்காபுல்கோ நகரில், என்ரிக்கே கோர்க்குவேரா என்னும் செல்வர் தம் இல்லத்து வளாகத்தில் சுவர்கள் சூழ அமைத்த சிறு களத்திலே பிறந்து, 1974-இல் இளவரசர் அல்ஃபோன்சோ டி ஹோஹென்லோஹே வாயிலாக ஸ்பெயினின் மார்பெல்லாவை அடைந்து, பின்னர் ஸ்பானிய மக்களின் பிரியத்துக்குரிய விளையாட்டாகவே வளர்ந்து, இன்று பல கண்டங்களிலும் வேரூன்றிவிட்டது பேடல் ஆட்டம். அதைப் புதிதாக ஆடத் தொடங்குகிறவர்கள் மட்டையைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த சிரத்தை காட்டுகிறார்கள். காலில் அணிவதைப் பற்றியோ, வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு ஷூ போதுமென்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் சரீரத்தின் பாரம் முழுவதையும் தாங்கித் திருப்புவது பாதமேயாதலால், முதற் கவனம் அதற்கே உரியது.

களத்தின் இயல்பை அறிந்தால் இதன் காரணம் விளங்கும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் உள்ள அந்தச் செவ்வகத்தை, கண்ணாடிச் சுவர்களும் கம்பிவலையும் சூழ்ந்திருக்கின்றன. அதற்குள் பக்கத்துக்கு இருவராக நால்வர் ஆடுகின்றனர். நெடுந்தூரம் ஓட இடமில்லாத அக்களத்தில், நடுவே கட்டிய வலையை நோக்கி முன்னேறுவதும், தலைக்கு மேல் போன பந்தைத் துரத்திப் பின்வாங்குவதும், கண்ணாடியில் மோதித் திரும்பும் பந்துக்காகச் சட்டென்று உடலைச் சுழற்றுவதும், பக்கவாட்டில் தாவி நிற்பதுமாகவே ஆட்டம் முழுவதும் கழிகிறது. தரையோ பெரும்பாலும் செயற்கைப் புல் விரிப்பு. அதன் இழைகளுக்கிடையே நுண்ணிய சிலிக்கா மணல் தூவப்பட்டிருக்கும். அம்மணல் மிகுந்த இடத்தில் கால் வழுக்கும். குறைந்த இடத்தில் புல்லோடு இறுகப் பற்றும். ஆட்டம் நடக்க நடக்க மணல் ஓரங்களில் ஒதுங்கிவிடுவதால், ஒரே களத்திலும் இடத்துக்கிடம் இந்த வேற்றுமை தோன்றுவதுண்டு.

ஆகையால் ஷூவின் அடிப்பாகமாகிய சோலைத் தரையோடு பொருத்திப் பார்த்தே வாங்க வேண்டும். மீன்முள் போல வளைந்து வளைந்து செல்லும் ஆழ்ந்த வரிகளையுடைய சோல், மணல் மிகுந்த களத்துக்கு உகந்தது. அதன் இடுக்குகள் மணலை ஒதுக்கித் தரையைப் பற்றுவதோடு, வேண்டியபோது சிறிது சறுக்கி நிற்கவும் இடங்கொடுக்கும். சிறு சிறு குமிழ்கள் நிறைந்த ஆம்னி எனப்படும் சோல், மணல் குறைந்த விரிப்பில் நன்கு பிடித்து, காலைச் சுழற்றவும் எளிதாயிருக்கும். பல களங்களில் மாறி மாறி ஆடுகிறவர்களுக்கு, இவ்விரண்டையும் கலந்து அமைத்த ஹைப்ரிட் சோல் சௌகரியமானது.

பிடிப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று எண்ணுவது தவறு. உடல் திரும்பும்போது பாதம் தரையில் பூட்டியதுபோல் நின்றுவிடுமானால், அச்சுழற்சியின் வேகம் முழுவதும் முழங்கால் மீதும் கணுக்கால் மீதும் போய் விழும். பல ஷூக்களில் முன்பாதத்தின் கீழே வட்டவடிவமாய் ஒரு பகுதியை அமைத்திருப்பது, அந்த இடத்தை ஊன்றிக் கால் இலகுவாகத் திரும்பவேண்டும் என்பதற்காகவே.

பிடிப்பு தரைக்கும் சோலுக்கும் உள்ள உறவு. ஸ்திரத்தன்மையோ ஷூவுக்கும் பாதத்துக்கும் உள்ள உறவு. ஓட்டப் பயிற்சிக்கான ஷூ, நேர்வழியில் முன்னோக்கிச் செல்வதற்காகத் தடித்த மிருதுவான அடித்தளத்தோடு செய்யப்பட்டது. அதை அணிந்து பக்கவாட்டில் தாவுகிறவர், பஞ்சு மெத்தையின்மேல் முக்காலி போட்டு ஏறி நிற்பவரைப் போன்றவர். பாதம் ஓரமாய்ச் சரிந்து, கணுக்கால் வெளிப்புறமாக மடங்கிச் சுளுக்கிக்கொள்ளும் அபாயம் அதில் உண்டு. பேடலுக்குரிய ஷூவிலோ அடித்தளம் தாழ்ந்தும் அகன்றும் இருக்கும். குதிகாலைச் சூழ்ந்த பகுதி விறைப்பாயிருக்கும். நடுப்பாதம் முறுகாதபடி உறுதியான தகடு பதித்திருக்கும். தரையில் உராயும் விரல்முனைப் பக்கம் தடித்த உறையால் காக்கப்பட்டிருக்கும். கடையில் இதைச் சோதிப்பது சுலபம்: குதிகாற் பகுதியை விரல்களால் அழுத்தினால் நசுங்கக் கூடாது, ஈரந்துணியைப் பிழிவதுபோல் முறுக்கினால் நடுப்பகுதி எதிர்க்க வேண்டும், விரல்கள் மடியும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும்.

அளவு பொருந்தாவிடில் இவ்வளவு நற்குணங்களும் வீணாகும். பகலெல்லாம் நடந்து பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை வேளையில், ஆட்டத்தின்போது அணியும் காலுறையோடு, இரு கால்களிலும் போட்டு எழுந்து நின்று பார்ப்பதே உத்தமம். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் இடைவெளி இருக்க, குதிகால் மட்டும் சிறிதும் எழும்பாமல் அமர்ந்திருக்க வேண்டும். பின் பக்கவாட்டில் சில அடிகள் தாவிப் பார்த்தால், பாதம் உள்ளே நழுவுகிறதா என்பது தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகும் பேணுதல் அவசியம். ஆட்டம் முடிந்ததும் வரிகளில் அடைந்த மணலைத் தட்டித் துடைத்து, அந்த ஷூவைச் சாலையில் நடக்கப் பயன்படுத்தாமல் களத்துக்கென்றே வைத்துக்கொள்வது நலம். முன்பாதத்தின் கீழே வரிகள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டால், மேற்புறம் எத்தனை புதுமையாகத் தோன்றினாலும் அதை விட்டுவிடவேண்டும். நிறத்தையும் விலையையும் புகழ்பெற்ற ஆட்டக்காரரின் பெயரையும் கருதுமுன், தாம் ஆடும் களத்தின் மணலையும் தம் பாதத்தின் அமைப்பையும் கருதுகிறவரே, அடுத்த அடியைப் பற்றிய அச்சமின்றிப் பந்தின்மேல் மனத்தை முழுமையாகச் செலுத்தி ஆட முடியும்.