கிளினிக் கொப்பி – 11: முதலில் இதயம், பிறகு குளிசை

பல்லேபொல போன்ற ஊரில் பாமசிக்காரர் தெரிந்தவராக இருப்பார். வரிசையில் பின்னால் நிற்பவர் பிள்ளையின் ஆசிரியராகவோ மனைவியின் உறவினராகவோ இருப்பார். அங்கே நின்றுகொண்டு ஒரு மனிதர் தமக்கு விறைப்பு சரியாக வருவதில்லை என்று எப்படிச் சொல்வார்? மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ பஸ் ஏறுகிறார். முகம் தெரியாத கடையில், வைத்தியரின் சிட்டை இல்லாமல் ஒரு கார்ட் குளிசை வாங்கிச் சட்டைப்பையில் மறைத்துக்கொண்டு திரும்புகிறார். வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கடைக்காரர் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து அந்தப் பேசாத இடத்தில்தான் இருக்கிறது.

சீனி வருத்தம் கால் நரம்புகளை எப்படி மரத்துப்போகச் செய்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். அதே சீனி ஆணுறுப்புக்குப் போகும் நரம்புகளையும் மெல்லிய இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. 2005–2006இல் நடந்த ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்ட இலங்கையரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. லசந்த மலவிகேயும் சக ஆய்வாளர்களும் இலங்கையில் நீரிழிவுள்ள ஆண்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரையில், பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. கிளினிக் வாங்கில் உங்களுக்கு இரு பக்கமும் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இதே தொல்லை இருக்கக்கூடும். இதில் குற்றம் என்று எதுவும் இல்லை.

இதற்கான குளிசைகளில் எது நல்லது என்பதுதான் எல்லாரும் அறிய விரும்புவது. அதற்கு விடை சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும்: உங்கள் இதயம் எப்படி இருக்கிறது? நெஞ்சு நோவுக்கு நீங்கள் மருந்து எடுக்கிறீர்களா?

ஒரே பாதையில் இரண்டு மருந்துகள்

1847இல் இத்தாலிய வேதியியலாளர் அஸ்கானியோ சொப்ரேரோ நைட்ரோகிளிசரின் என்ற பொருளைத் தயாரித்தார். அல்பிரட் நோபல் அதைக் கொண்டு டைனமைட் செய்தார். 1879இல் லண்டன் வைத்தியர் வில்லியம் மரல் அதையே மிகச் சிறிய அளவில் நெஞ்சு நோவுக்குக் கொடுத்து, பயன் கிடைத்ததை எழுதினார். இன்று நம் கிளினிக்குகளில் நாக்குக்கு அடியில் வைக்கத் தரும் ஜீ.ரீ.என். குளிசை அதுவேதான்.

அது உடலில் நைட்ரிக் ஒக்சைட்டை உண்டாக்கி இரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது என்பது விளங்க மேலும் நூறாண்டு சென்றது. நைட்ரிக் ஒக்சைட்டு பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக ரொபட் பேர்ச்கொட், லூயி இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டு மார்ச் 27ஆம் திகதி, வயாகரா என்ற பெயரில் சில்டெனாபிலை விற்க அமெரிக்கா அனுமதித்தது. பைசர் நிறுவனம் இங்கிலாந்தின் சான்ட்விச் நகரிலிருந்த ஆய்வுகூடத்தில் 1989இல் அதை உருவாக்கியது. அதுவும் நெஞ்சு நோவுக்கென்றே தேடப்பட்ட மருந்து. நெஞ்சு நோவுக்கு எதிர்பார்த்த அளவு உதவவில்லை. ஆனால் பரிசோதனையில் பங்கேற்ற ஆண்கள் வேறொரு மாற்றத்தைச் சொன்னார்கள். அதுவே வாயால் உட்கொள்ளும் முதல் விறைப்பு மருந்தாயிற்று.

உணர்ச்சி எழும்போது ஆணுறுப்பின் நரம்புகளும் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஒக்சைட்டை வெளிவிடுகின்றன. அது சைக்ளிக் ஜீ.எம்.பீ. என்ற பொருளை உண்டாக்குகிறது. அந்தப் பொருள் தசையைத் தளர்த்த, இரத்தம் பாய்ந்து நிறைகிறது. பிறகு பீ.டீ.ஈ.–5 என்ற நொதியம் அப்பொருளைச் சிதைக்க, விறைப்பு அடங்குகிறது. சில்டெனாபிலும் அதன் பின் வந்தவையும் அந்த நொதியத்தைத் தடுத்து வைக்கின்றன. அவை ஆசையை ஊட்டுவதில்லை. மடை திறக்காத வயலில் வரம்பை எவ்வளவு உயர்த்திக் கட்டினாலும் தண்ணீர் நிற்காது. உணர்ச்சி எழாதபோது குளிசையும் அப்படித்தான்.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஜீ.ரீ.என். குளிசையோ, தினமும் எடுக்கும் ஐசோசோபைட் குளிசையோ நைட்ரிக் ஒக்சைட்டைப் பெருக்குகிறது. விறைப்புக் குளிசை, அதனால் உண்டாகும் பொருள் அழியாமல் தடுக்கிறது. உடலெங்கும் குழாய்கள் ஒரேயடியாக விரிந்து இரத்த அழுத்தம் சரிகிறது. மயக்கம், மாரடைப்பு, மரணம் வரை போகலாம். நெஞ்சு நோவுக்கு நைட்ரேட் மருந்து எடுப்பவர் இந்தக் குளிசைகளில் எதையும், எந்த அளவிலும் எடுக்கக்கூடாது. இதற்கு விதிவிலக்கே இல்லை.

நான்கு குளிசைகள்

*சில்டெனாபில்:* வழக்கமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், ஈரலோ சிறுநீரகமோ பழுதானவர்களுக்கும் 25 போதும். உச்ச அளவு 100, அதுவும் நாளைக்கு ஒரு தடவை மட்டும். உறவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால் ஏறத்தாழ நான்கு மணி நேரம் பயன் தரும். வயிறு நிறைய எண்ணெய்ச் சாப்பாடு சாப்பிட்டபின் எடுத்தால் மருந்து இரத்தத்தில் ஏற இன்னும் ஒரு மணி நேரம் பிந்தும். குளிசை வேலை செய்யவில்லை என்று சொல்லும் பலருக்கு நடந்தது இதுதான். சிலருக்குக் கொஞ்ச நேரம் பார்ப்பதெல்லாம் நீலமாகத் தெரியும்.

*வார்டெனாபில்:* லெவிட்ரா என்ற பெயரில் 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நேரமும் கால அளவும் சில்டெனாபிலை ஒத்தவை. கொழுப்புச் சாப்பாடு இதையும் பிந்தவைக்கும். தொடக்கம் 10 மில்லிகிராம், உச்சம் 20. இதயத் துடிப்பு ஒழுங்கின்மைக்கு அமியோடரோன், சோடலோல் போன்ற மருந்து எடுப்பவர்களுக்கு இது ஏற்றதல்ல.

*தடாலாபில்:* சியாலிஸ் என்ற பெயரில் வந்தது. மற்றவை சில மணி நேரத்தில் அடங்க, இது 36 மணி நேரம் வரை உதவும். உணவு இதைத் தடுக்காது. தேவைப்படும்போது 10 அல்லது 20 மில்லிகிராம் எடுக்கலாம். அல்லது தினமும் ஒரே நேரத்தில் 2.5 அல்லது 5 மில்லிகிராம் எடுக்கலாம். மறுநாள் முதுகு நோவும் தசை உளைவும் சிலருக்கு வரும். புரொஸ்டேட் வீங்கி இரவில் அடிக்கடி சிறுநீர் கழிக்க எழுபவர்களுக்கு 5 மில்லிகிராம் அந்தத் தொல்லையையும் குறைக்கும்.

*அவனாபில்:* நான்கிலும் இளையது. 2012இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 15 முதல் 30 நிமிடத்தில் வேலை செய்யத் தொடங்குவது இதன் சிறப்பு. வழக்கமான தொடக்கம் 100 மில்லிகிராம்.

தலையிடி, முகம் சிவத்தல், மூக்கடைப்பு, நெஞ்செரிவு ஆகியவை நான்கிலும் வரக்கூடியவை. வலிமையில் இவற்றுக்குள் பெரிய வேறுபாடு இல்லை. ஆகவே தெரிவு உங்கள் வாழ்க்கையையும் உடலையும் பொறுத்தது. கொழும்பில் வேலை செய்து வெள்ளி இரவு வீடு திரும்பும் ஒருவர், சாப்பாட்டு நேரமும் கடிகாரமும் பார்க்காமல் மனைவியோடு இருக்கத் தடாலாபில் வசதி. எப்போதாவது தேவைப்படுபவருக்குச் சில்டெனாபில் போதும். இதய நோய் வரக்கூடியவர் என்று வைத்தியர் கருதுபவருக்கு விரைவில் வெளியேறும் மருந்தே நல்லது. நடு இரவில் அவருக்கு நெஞ்சு நோ வந்தால், சில்டெனாபில் எடுத்திருந்தால் 24 மணி நேரமும் தடாலாபில் எடுத்திருந்தால் 48 மணி நேரமும் நைட்ரேட் கொடுக்க முடியாது. நீண்ட நேரம் உதவுகிற மருந்து நீண்ட நேரம் கையைக் கட்டியும் வைக்கிறது.

விற்பனைப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். இந்தியாவில் சுஹாக்ரா, கேவர்ட்டா, பெனெக்ரா என்று விற்கப்பட்ட மூன்றிலும் இருப்பது சில்டெனாபில்தான். மருந்தை அதன் பொதுப்பெயரில் எழுதவும் வாங்கவும் வேண்டும் என்று நமக்குக் கற்றுத் தந்தவர் பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய அவர் காட்டிய வழியில், கார்ட்டில் சிறிய எழுத்தில் இருக்கும் பொதுப்பெயரை வாசித்துப் பழகுங்கள். இரண்டு பெயரில் ஒரே மருந்தை ஒரே நாளில் விழுங்கும் தவறு அப்போது நேராது.

முதல் தடவை பயன் தராவிட்டால் அளவை நீங்களே கூட்டாதீர்கள். சரியான நேரத்தில், சரியான அளவில், ஆறு முதல் எட்டுத் தடவை பார்த்த பின்பே இது தமக்கு உதவாது என்று ஒருவர் முடிவுக்கு வரலாம்.

கொப்பியில் வேறென்ன இருக்கிறது?

பிரஷருக்குப் பிரசோசின் எடுப்பவர், புரொஸ்டேட்டுக்குத் தம்சுலோசின் எடுப்பவர் ஆகியோருக்கு இந்தக் குளிசைகளோடு சேரும்போது எழுந்து நிற்கையில் தலை சுற்றி விழும் அபாயம் உண்டு. வைத்தியர் குறைந்த அளவில் தொடங்குவார். எரித்ரோமைசின், கீட்டோகொனசோல் போன்றவை குளிசையை உடலில் தேங்கச் செய்யும். வில்கமுவ போன்ற பகுதிகளில் சிறுநீரக நோய் பலரைப் பிடித்திருக்கும் நம் மாத்தளை மாவட்டத்தில் இன்னொன்றும் முக்கியம்: சிறுநீரகம் பழுதானவருக்குத் தடாலாபில் நெடுநேரம் உடலில் தங்கும், ஆகவே அளவைக் குறைக்க வேண்டும், சிலருக்கு இடைவெளியையும் கூட்ட வேண்டும். அண்மையில் மாரடைப்போ பாரிசவாதமோ வந்தவர், இதய வைத்தியர் சம்மதிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

சிட்டை இல்லாமல் வாங்கும் குளிசைக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. 2008இன் முதல் ஐந்து மாதங்களில் சிங்கப்பூர் வைத்தியசாலைகளில், நீரிழிவு இல்லாத 150 பேர் இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவு குறைந்து அனுமதிக்கப்பட்டார்கள். நான்கு பேர் இறந்தார்கள். போலிச் சியாலிஸ் குளிசைகளிலும், மூலிகை என்று விற்கப்பட்ட ஆண்மை மருந்துகளிலும் கிளிபென்கிளமைட் என்ற நீரிழிவு மருந்து கலந்திருந்தது. நம் நாட்டில் மதன மோதகம் என்ற பெயரில் கஞ்சா கலந்த உருண்டைகள் பலமுறை பிடிபட்டிருக்கின்றன. மூலிகை என்று எழுதிய பொட்டலங்களுக்குள் சில்டெனாபிலை மறைத்து விற்பதும் உலகெங்கும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஜீ.ரீ.என். குளிசையைப் பையில் வைத்திருக்கும் ஒருவர், வெறும் வேர்ப்பொடி என்று நம்பி இதை விழுங்கினால் என்ன ஆகும் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

உடல் முன்கூட்டியே சொல்வது

ஆணுறுப்பின் இரத்தக் குழாய் 1 முதல் 2 மில்லிமீற்றர் அகலமே. இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் 3 முதல் 4 மில்லிமீற்றர். கொழுப்புப் படிந்தால் சிறிய குழாய் முதலில் அடைபடும். அதனால் விறைப்புத் தளர்ந்து சில ஆண்டுகள் கழித்து நெஞ்சு நோ வருவது பலரிடம் காணப்பட்டிருக்கிறது. 40, 50 வயதில் இந்தத் தொல்லை மெல்ல மெல்லத் தொடங்கினால் அது இதயத்தைச் சோதித்துப் பார்க்கக் கிடைத்த அவகாசம். பிரஷர், சீனி, கொழுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். வைத்தியர் சொன்னால் ஈ.சீ.ஜீ. எடுங்கள். ஒளித்து வாங்கிய குளிசை அன்றைய இரவைச் சமாளிக்கும், ஆனால் அந்த அவகாசத்தைப் பறித்துவிடும். எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

திடீரெனத் தொடங்கி, காலையில் எழும்போது விறைப்பு வழமைபோல இருந்தால் மனப் பாரமே பெரும்பாலும் காரணம். அதற்குப் பேச்சும் ஆலோசனையும் வேண்டும். புகைப்பதை நிறுத்துவதும், மதுவைக் குறைப்பதும், நடப்பதும் மருந்துக்கு நிகரான பயன் தரலாம். 2004இல் வெளிவந்த இத்தாலிய ஆய்வில், உடல் பருத்த ஆண்களுக்கு இரண்டு ஆண்டுகள் உணவையும் உடற்பயிற்சியையும் சீர்செய்தபோது, மூவரில் ஒருவருக்கு மருந்தில்லாமலே இயல்பு திரும்பியது.

குளிசை எடுத்தபின் நெஞ்சு நோ வந்தால் ஜீ.ரீ.என். வைக்காதீர்கள். 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைத்து, என்ன குளிசை, எத்தனை மணிக்கு எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு அடங்காவிட்டாலும், ஒரு கண்ணின் பார்வையோ காதின் கேட்கும் திறனோ திடீரெனக் குறைந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

வைத்தியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீரிழிவுக் கிளினிக்கில் காலைத் தொட்டுப் பார்க்கிறோம், கண்ணைச் சோதிக்க அனுப்புகிறோம். இதையும் நாமே முதலில் கேட்டுவிட்டால், சொல்லத் தயங்கும் மனிதருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். நோயாளிகளே, நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘விறைப்பு குறைந்துவிட்டது, இவைதான் நான் எடுக்கும் மருந்துகள்’ என்று கொப்பியை நீட்டுங்கள். வைத்தியர் தரும் குளிசையின் பெயரும் அளவும் அதே கொப்பியில் எழுதப்படட்டும். நீங்கள் பேச முடியாத நிலையில் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டால், அந்த ஒரு வரியைப் பார்த்துத்தான் எங்களால் சரியான மருந்தைத் தர முடியும்.

(அடுத்த வாரம்: குளிசை உதவாதவர்களுக்கு உள்ள வழிகள்)