கோப்புப் பெயரை நம்பலாமா?

விம்_9.0.1378-2_ஏஎம்டி64.டெப். டெபியன் லினக்ஸ் 12 வெளிவந்தபோது விம் எடிட்டரை நிறுவ வந்த கோப்பின் பெயர் இது. திரையில் எல்லாம் ஆங்கில எழுத்தில் இருக்கும். முதலில் மென்பொருள், அடுத்து வெர்ஷன், கடைசியில் எந்த வகை பிராசசருக்கு என்ற குறிப்பு. ஹைபனுக்குப் பின் நிற்கிற 2, டெபியன்காரர்கள் அந்த வெர்ஷனை எத்தனையாவது தடவை பேக் செய்தார்கள் என்பதற்கு.

சர்வர்களோடு மாரடிக்கிற எனக்கு நடுவே வரும் அண்டர்ஸ்கோர் மேல் தனி மரியாதை. ரெட்ஹாட் வழிவந்த ஆர்பிஎம் கோப்பில் பெயர், வெர்ஷன், வெளியீட்டு எண் மூன்றையும் பிரிப்பது வெறும் ஹைபன். மென்பொருளின் பெயரிலேயே ஹைபன் இருந்தால்? வலப்பக்கக் கோடியிலிருந்து எண்ணிக்கொண்டு வர வேண்டியதுதான். வெர்ஷனுக்குள் ஹைபன் கூடாது என்று விதி இருப்பதால் பிழைத்தோம்.

டெபியனும் ஒன்றை மறைக்கிறது. அந்த விம்மின் முழு வெர்ஷன் 2:9.0.1378-2. முன்னால் நிற்கும் 2-க்கு 'இபாக்' என்று பெயர். நேற்றுவரை 2019, 2020 என்று ஆண்டையே வெர்ஷனாகப் போட்டவர்கள் திடீரென்று 1.0 என்று தொடங்கினால், கணினி அதைப் பழையது என்றே எடுத்துக்கொள்ளும். முன்னால் 1: சேர்த்தால் சிக்கல் தீரும்; இபாக் பெரிதாக இருந்தால் பின்னால் என்ன எண் வந்தாலும் அதுதான் புதியது. இவ்வளவு முக்கியமான எண், இறக்கும் கோப்பின் பெயரில் கிடையாது. ஆனால் டெபியனில் மென்பொருளை இறக்கித் தரும் ஏபிடி அதே கோப்பைத் தன் கேஷில் சேமிக்கும்போது 2%3ஏ என்று, கோலனை உருமாற்றிச் சேர்த்துக்கொள்கிறது. ஒரே கோப்புக்கு இரண்டு இடத்தில் இரண்டு பெயர். பெயரைப் பிரித்துப் பார்த்துப் பழைய வெர்ஷன்களை அழிக்க ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

இத்தனைக்கும், நிறுவுகிற டிபிகேஜி வெளிப்பெயரைச் சட்டை செய்வதே இல்லை. கோப்புக்குள் 'கண்ட்ரோல்' என்று ஒரு சின்ன உரைக்கோப்பு இருக்கிறது. பெயர், வெர்ஷன், இபாக் எல்லாம் அதில் எழுதியிருப்பதுதான் கணக்கு. பிரவுசர் கடைசியில் (1) என்று ஒட்டினாலும், யாரோ 'புதுசு.டெப்' என்று மாற்றி வைத்தாலும் கவலையில்லை. டிபிகேஜி-நேம் என்ற கட்டளை உள்ளே படித்து, வெளியே முறைப்படி பெயர் சூட்டிவிடும்.

புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது வேறிடத்தில். இறக்கிய கோப்பின் பெயரை அப்படியே ஏபிடி இன்ஸ்டால் கட்டளைக்குப் பின்னால் அடிப்பார்கள். அப்படியொரு பேக்கேஜ் இல்லை என்று அது கைவிரித்துவிடும். "முன்னாடி ஒரு ./ போடுப்பா" என்பேன். அதைப் போட்டால்தான், தேட வேண்டியது மென்பொருள் கிடங்கான ரெப்போவில் அல்ல, இதே ஃபோல்டரில் என்று ஏபிடிக்குத் தெரியும்.