சவண்டலைத் தொட்டியில் ஊறும் சாராயம்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். லண்டனில் இருக்கும் மகளைப் பார்க்கப் போன இடத்தில் மருமகன் அவரை ஒரு கொக்டெய்ல் பாருக்குக் கூட்டிப்போனாராம். பட்டியலில் 'சிலோன் அரக்' என்று போட்டிருந்ததாம். எலுமிச்சைச் சாறும் முட்டை வெள்ளையும் கலந்த ஒற்றைக் கிளாஸுக்கு, இங்கே முழுப் போத்தலே வாங்கிவிடக்கூடிய விலை. "இது எங்கட சாராயம்தானா? வெளிநாடு போகிறவர்கள் பார்க்கவேண்டிய பார்களைப் பற்றியும் எழுதுங்கள்" என்று கேட்கிறார்.

எங்கட சாராயமேதான். பார்களுக்குப் பிறகு வருகிறேன். அந்தக் கிளாஸுக்குள் இருந்ததைப் பற்றித்தான் எனக்கு முதலில் சொல்ல வேண்டும்.

வாதுவை, களுத்துறை, பயாகலைப் பக்கம் காலி வீதியால் போகிறவர்கள் தென்னை உச்சிகளை இணைத்துக் கட்டிய தும்புக் கயிறுகளைக் கண்டிருப்பார்கள். காலுக்கு ஒன்று, கைபிடிக்க மேலே ஒன்று. சீவல் தொழிலாளி ஒரு மரத்தில் ஏறி, நிலத்துக்கு இறங்காமலே அடுத்தடுத்த மரங்களுக்கு நடந்துவிடுவார். விரியாத பாளையை இறுகக் கட்டி, நாள்தோறும் இதமாகத் தட்டி, நுனியை மெல்லிதாகச் சீவிவர, சில நாள் கழித்தே அது சொட்டத் தொடங்கும். கன்று முட்டிய பிறகும் பால் இறக்காத பசுவின் மடியை அம்மம்மா தடவித் தடவி இளக வைப்பார். பாளை தட்டுகிறவரின் கையிலும் அதே பதம்தான். பலமாகத் தட்டினால் பாளை கன்றிப்போகும். தட்டாமல் விட்டால் சொட்டாது. தேங்காயாகப் போகவேண்டிய சீனி இப்படி முட்டிக்குள் இறங்குகிறது. நல்ல மரம் நாளுக்கு இரண்டு லீற்றர் வரை தரும்.

சுண்ணாம்பு தடவாத முட்டி என்றால், காற்றிலும் முட்டியிலும் இருக்கும் மதுவங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில மணித்தியாலத்திலேயே ஐந்து, ஆறு வீத மதுசாரம் சேர்ந்துவிடும். விஸ்கிக்கு முதலில் தானியத்தை முளைக்கவைத்து மாவுப்பொருளைச் சீனியாக்க வேண்டும். தென்னங்கள்ளுக்கு மனிதன் சீனியும் சேர்ப்பதில்லை, மதுவமும் சேர்ப்பதில்லை. ஆனால் அவகாசம் குறைவு. ஒரு நாளுக்கு மேல் வைத்தால் வினாகிரியின் பக்கம் சாய்ந்துவிடும். அதனால்தான் வடிசாலைகள் தென்னந்தோட்டங்களை ஒட்டியே வளர்ந்தன.

வடித்த சாராயம் ஊறும் மரம்தான் என்னை எப்போதும் பிடித்து நிறுத்துவது. உலகம் முழுக்க ஓக் பீப்பாய் என்கிறபோது, நம் நாட்டில் ஹல்மில்ல மரத்தால் செய்த பெரிய தொட்டிகளில் ஊறவைக்கிறார்கள். தமிழில் சவண்டலை. ஆங்கிலேயர் இதைத் திருகோணமலை மரம் என்றே அழைத்தார்கள். உறுதியானது, வளைந்து கொடுக்கும், சுலபமாகப் பிளக்காது. துறைமுகம் கட்டப்படாத காலத்துச் சென்னைக் கரையில், கப்பலுக்கும் மணலுக்கும் இடையே அலையைத் தாண்டி ஆளும் சரக்கும் ஏற்றிய மசூலாப் படகுகளுக்கு இந்த மரம் போயிருக்கிறது. ஆணி அடிக்காமல் தென்னந்தும்புக் கயிற்றால் தைத்த படகுகள் அவை. அலை வந்து மோதினால் பலகைகள் நெகிழ்ந்து கொடுக்க வேண்டும்; அதற்கேற்ற மரம் இது. ஓக் தன் வனிலா வாசனையையும் அடர்ந்த நிறத்தையும் மதுவின்மேல் ஏற்றிவிடும். சவண்டலை அடக்கமானது. பல ஆண்டு ஊறினாலும் சாராயம் பொன்னிறத்தைத் தாண்டாது, தென்னம்பூ வாசனையும் எஞ்சியிருக்கும்.

லண்டனுக்கும் சாராயம் புதிதில்லை. 18ஆம் நூற்றாண்டிலேயே அங்கே அரக்குப் பஞ்ச் பிரபலம். தாக்கரேயின் 'வனிட்டி ஃபெயார்' நாவலில், இந்தியாவில் கலெக்டராக இருந்து திரும்பிய ஜோஸ் செட்லி வொக்ஸ்ஹோல் பூங்காவில் அரக்குப் பஞ்சை அளவுமீறிக் குடிக்க, அவரை மணக்கக் காத்திருந்த பெக்கியின் கலியாணக் கனவே கலைந்துபோகிறது. 1862இல் அமெரிக்கரான ஜெரி தோமஸ் வெளியிட்ட பானக் கலவைப் புத்தகத்திலும் அரக்குப் பஞ்ச் உண்டு. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சுவீடன்காரரின் 'புன்ஷ்' பானத்தில் சேர்வது ஜாவாவின் பத்தேவியா அரக்கு. அது கரும்புப் பாகிலிருந்து வருவது, தென்னையோடு சம்பந்தமில்லை. வெளிநாட்டு பாரில் 'அரக்' என்று கண்டால் எந்த ஊரது, எதிலிருந்து வடித்தது என்று கேளுங்கள். விசயம் தெரிந்த பாரா என்பது அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அதே கேள்வியை நாம் கொழும்பில் கேட்பதில்லை என்பதுதான் என் மனவருத்தம். மலிவான போத்தல்களில் பெரும்பகுதி கரும்புப் பாகுக் கழிவிலிருந்து எடுத்த மதுசாரம், தென்னஞ்சாராயம் பெயருக்குத்தான். சீனியும் யூரியாவும் கரைத்துச் செய்யும் செயற்கைக் கள்ளு வேறு. கயிற்றில் நடக்கிறவரோ ஒவ்வொரு நாளும் உயிரைப் பணயம் வைக்கிறார், தன் பிள்ளை இந்தத் தொழிலுக்கு வரக்கூடாது என்கிறார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். கலப்படத்தோடு விலையில் போட்டிபோட அவரால் முடியாது. லேபிளைப் படித்து, தென்னையிலிருந்து மட்டும் வடித்ததைக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்கி, அளவாகக் குடிக்கிறவர்கள் பெருகினால்தான் அந்தக் கயிறுகள் நிற்கும்.

இனி பார்கள். வாசகர் லண்டன் வரை போகத் தேவையில்லை. 1864இல் திறந்த கோல்பேஸ் ஹோட்டலின் கடலோர விறாந்தையில் சாராயக் கொக்டெய்ல் கிடைக்கும். தெற்கே ஹிரிகெட்டியவில் 'ஸ்மோக் அண்ட் பிட்டர்ஸ்' என்ற பார், ஆசியாவின் சிறந்த 50 பார்கள் பட்டியலிலேயே இடம்பிடித்தது. நம் ஊர்ச் சரக்கை வைத்தே கலக்குகிறார்கள். போயா தினத்தில் மட்டும் போகவேண்டாம், எங்கும் மது விற்கமாட்டார்கள்.

போகிற இடத்தில் பனஞ்சாராயமும் இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள். வடமராட்சியில் திக்கம் வடிசாலை என்றால் தெரியாதவர் இல்லை. பனங்கள்ளுக்குத் தென்னங்கள்ளைவிட வேறான மணம், அது வடித்த பிறகும் போகாது. ஆனாலும் கொழும்பின் கொக்டெய்ல் பட்டியல்கள் எதிலும் அது என் கண்ணில் பட்டதில்லை. கேட்கிறவர்கள் இருந்தால் வைப்பார்கள்.